ஆறு புள்ளி வண்டு

வைர மோதிரத்தைக் காணோம் என்று பாலமுரளியை அழைத்திருக்கிறார்கள். பாஸ்போர்ட்டைக் காணோம் என்று அழைத்திருக்கிறார்கள். நிச்சயம் முடிந்த மாப்பிள்ளையைக் காணோம் என்றுகூட ஒரு முறை சவூதியின் தம்மாமிலிருந்து ஃபோன் வந்தது. செத்துப்போன வண்டைக் காணோம் என்று அழைத்தது இதுதான் முதல் தடவை.

"அதுக்கு இன்சூரன்ஸ் இருக்குதுங்களா பாஸ்?" என்று லிஃப்டில் கேட்டாள் பிருந்தா.

"இல்லை."

"அப்பத் தைரியமா விசாரிக்கலாமுங்க."

பாலமுரளிக்கு வேலை ஓர் இன்சூரன்ஸ் சர்வே ஆபீஸில். எரிந்த குடோன், மோதிய கார், தண்ணீர் புகுந்த கடை என்று பொய் கிளெய்ம்களை மோப்பம் பிடிப்பது. லீவு நாட்களில், போலீசுக்குப் போகக் கூச்சப்படும் தமிழ்க் குடும்பங்களுக்கு அதே மூக்கை இரவல் கொடுப்பார். பிருந்தா அதே ஆபீஸில் ஃபோட்டோ எடுப்பவள். பொள்ளாச்சிக்காரி. வாயை மூடிக்கொண்டிருந்தால் எப்போதோ பிரமோஷன் வாங்கியிருப்பாள் என்று மேனேஜரே சொல்லியிருக்கிறார்.

பர் துபாயில், மீனா பஜாருக்குப் பின்புறக் கட்டடம். கதவைத் திறந்தவர் ஷியாமளா. கண்கள் வீங்கியிருந்தன. உள்ளே விடுவதற்கு முன்பே, வாசலில் நின்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டார்.

"எங்க வீட்ல வேலை பார்க்கிற பஞ்சவர்ணம் எடுத்திருக்க மாட்டா. எட்டு வருஷமா எங்களோட இருக்கா. இன்னிக்கு ராத்திரி ஃபிளைட்ல அவளை ஊருக்கு அனுப்பிடலாம்ங்கறார் இவர். அவ எடுக்கலைன்னு நீங்க கண்டுபிடிச்சுக் குடுக்கணும். அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

திருட்டு நடந்த வீடுகளை பாலமுரளி நிறையப் பார்த்தவர். கோபம் இருக்கும், கத்தல் இருக்கும், ஆளுக்கு ஒரு பேரைச் சொல்வார்கள். இந்த வீடு வேறு மாதிரி இருந்தது. ஹாலில் சேதுமாதவன் கார்ப்பெட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சமையலறை வாசலில் கட்டிய சூட்கேஸ் பக்கத்தில் பஞ்சவர்ணம் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஷியாமளா இருவரையும் பார்க்காமல் ஜன்னல் திரையைச் சரிசெய்தார். மூன்று பேர், மூன்று திசை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"போலீஸெல்லாம் வேண்டாம்," என்றார் சேதுமாதவன், யாரும் போலீஸ் என்று சொல்வதற்கு முன்பே. "நான்தான் அவளோட ஸ்பான்சர். விசாவை கேன்சல் பண்ணி, மரியாதையா அனுப்பிடலாம். வீட்டு விஷயம் வீட்டோட இருக்கட்டும்."

"முதல்ல வண்டைப் பத்திச் சொல்லுங்க சார்."

அந்தக் கேள்விக்குத்தான் அந்த மனிதர் பிறந்ததிலிருந்து காத்திருந்தார் போலிருக்கிறது. எழுந்து போய்க் கண்ணாடி மூடி போட்ட பெட்டி ஒன்றைத் தூக்கி வந்து மேஜையில் வைத்தார். உள்ளே வெள்ளைத் தெர்மாகோலில் வரிசை வரிசையாகக் கறுத்த வண்டுகள், ஒவ்வொன்றின் முதுகிலும் ஊசி. பெரிய சைஸ் பேரீச்சம்பழம் அளவு இருந்தன. கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள். பெட்டியின் நடுவில், தனியாக, ஓர் இடம் காலியாக இருந்தது. ஊசி குத்திய சின்னத் துளை மட்டும் மிச்சம்.

சேதுமாதவனுக்கு வேலை தண்ணீர் சுத்திகரிக்கும் கம்பெனியில். வார இறுதியில் பாலைவனம். மணலில் டப்பாக்களைப் புதைத்து வைத்து, விழுந்த வண்டுகளை மணலோடு வாளியில் அள்ளி வந்து, பால்கனியில் உட்கார்ந்து சலிப்பார். இயற்கை ஆர்வலர் குழு ஒன்றில் மெம்பர்.

"தரையில ஓடி வேட்டையாடற வண்டுக் குடும்பம் இது. இதுல அந்தியான்னு ஒரு பேரினம்," என்றார்.

"பேரினம்னா என்னங்க?"

"ஒரு பங்காளிக் கூட்டம்னு வெச்சுக்கோம்மா. ஆப்பிரிக்கா, அரேபியா, இந்தியான்னு பரவிக் கிடக்கு."

"அட, நம்ம ஆளுங்க மாதிரி. கல்ஃப்ல ஒரு கிளை."

அவர் சிரிக்கவில்லை. பேச்சு சூடு பிடித்துவிட்டது. "இதுல ரெண்டு கோஷ்டி. ஆண் வண்டோட கழுத்துப் பட்டை பின்பக்கமா ரெண்டு மடலா நீண்டிருந்தா ஒரு கோஷ்டி. மடல் இல்லாம மொழுமொழுன்னு இருந்தா இன்னொண்ணு. ரெண்டும் ஒரே பேரினம்னு சில ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. இல்லை, மடல் இல்லாததைத் தனிப் பேரினமா பிரிக்கணும்னு மத்தவங்க. சண்டை இன்னும் தீரலை."

"தனிக்குடித்தனம் கேட்கறாங்க," என்றாள் பிருந்தா.

"இந்தப் பாலைவனத்துல கிடைக்கிறது பன்னிரண்டு புள்ளி வண்டு. மடல் இல்லாத கோஷ்டி. ஆறு புள்ளி வண்டு இந்தியாவோடது, மடல் உள்ள கோஷ்டி. அது போன வாரம் என் வாளியில கிடைச்சுது. இந்த ஊர் மணல்ல! ஷார்ஜாவுக்கு ஒரு கருத்தரங்குக்கு வந்திருக்கற டாக்டர் அஹ்சன், வண்டு ஆராய்ச்சியிலே பெரிய பேர், சாயங்காலம் அதைப் பார்க்கத்தான் இங்க வரார்." குரல் சட்டென்று இறங்கியது. "காட்டறதுக்கு வண்டு இல்லை."

பாலமுரளி பெட்டியின் மேல் குனிந்தார். "புள்ளியை எண்ணினாலே எந்த ஊர் வண்டுன்னு தெரிஞ்சிடுமா?"

"அது கத்துக்குட்டி பண்ற வேலை. புள்ளிங்கறது வெறும் வெள்ளை ரோமம். தேஞ்சு போகும், உதிர்ந்து போகும். உடம்பு அமைப்புதான் சாட்சி. கழுத்தைப் பாருங்க, அது பொய் சொல்லாது."

"கையில பிடிச்சா கடிக்குங்களா?" என்றாள் பிருந்தா.

"கடியை விடு. சீண்டினா பின்பக்கத்துலேருந்து ஆசிட் பீச்சி அடிக்கும். எனக்கு ஒரு தடவை உள்ளங்கை பழுப்பாகித் தோல் உரிஞ்சு போச்சு."

நேற்று மாலை புருஷனும் மனைவியும் மீனா பஜாருக்குப் போயிருக்கிறார்கள். கிளம்பும்போது வண்டு பெட்டியில் இருந்தது என்றார் சேதுமாதவன். திரும்பி வந்தபோது இல்லை. வீட்டில் இருந்தது பஞ்சவர்ணம் மட்டும். வேறு ஒரு பொருளும் போகவில்லை.

பாலமுரளி சமையலறைப் பக்கம் திரும்பினார். வந்ததிலிருந்தே ஒன்று அவர் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. பஞ்சவர்ணம் வலது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். ஏசி அப்படி ஒன்றும் குளிராக இல்லை.

"கையைக் காட்டுங்க."

அவள் முந்தானையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"பஞ்சவர்ணம், காட்டேன்," என்றார் ஷியாமளா.

முந்தானை விலகியது. ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் பழுப்பேறி, ஓரத்தில் தோல் உரிந்திருந்தன. பாலமுரளிக்கு அந்த நொடியில் ஒரு சந்தோஷம் வந்தது. பூட்டு திறந்துகொள்ளும் சத்தம் அவருக்கு எப்போதுமே பிடிக்கும். அந்தச் சந்தோஷத்தைக் கட்டுப்படுத்தாமல், நான்கு பேர் கேட்க, உரக்கவே சொன்னார்.

"வண்டு தன்னைத் தொட்டவங்களை அடையாளம் காட்டிட்டுப் போயிருக்கு. எங்கே வெச்சிருக்கீங்க?"

"நான் எடுக்கலய்யா."

"அப்போ இந்தக் கறை?"

பஞ்சவர்ணம் வாயைத் திறந்தாள். சேதுமாதவனை ஒரு தடவை பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"திருடினவங்க எல்லாரும் கேள்வி வந்ததும் ஊமையாகிடுவாங்க," என்றார் பாலமுரளி.

ஷியாமளா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "உனக்காக இவர்கிட்ட நேத்து ராத்திரி பூரா சண்டை போட்டேனே. என் வளையலைக் கழட்டி உங்கிட்ட குடுத்துட்டுக் குளிக்கப் போவேனே."

சேதுமாதவன் கார்ப்பெட்டையே பார்த்தார். "விடுங்க. போகட்டும். இனிமே இதைப் பேச வேண்டாம்."

கட்டடத்துக்குக் கீழே கரக் என்ற ஏலக்காய் டீ விற்கும் சின்னக் கடை. இரண்டு பேப்பர் கப்களோடு நடைபாதையில் நின்றார்கள். பாலமுரளி திருப்தியாக உறிஞ்சினார். பிருந்தா மட்டும் டீயைத் தொடவில்லை. அவளுக்கு அந்த முந்தானை விலகிய விதம் மனதை விட்டுப் போகவில்லை.

"என்ன, வாயை மூடிட்டே? காய்ச்சலா?"

"ஒரு சந்தேகமுங்க பாஸ். பாடம் பண்ணி வெச்ச புலி உறுமுங்களா?"

"என்ன உளர்றே?"

"பொட்டியில இருந்த வண்டு செத்து, முதுகுல ஊசியும் குத்தியாச்சுங்க. அது எப்படிங்க எழுந்திரிச்சு உக்காந்து அந்தக்கா கையில ஆசிட் அடிச்சுது?"

கப் பாலமுரளியின் உதட்டருகே நின்றுவிட்டது. டீ சட்டையில் வழிந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. செத்த வண்டு பீச்சாது. அந்த விரல்களில் கறை படிந்தபோது வண்டு உயிரோடு இருந்திருக்க வேண்டும். அதாவது, பெட்டிக்குள் போவதற்கு முன்னால். திருட்டுக்கு முன்னால். தோல் உரிகிற அளவுக்குப் பழைய கறை, நேற்றையதாக எப்படி இருக்கும்? கண் முன்னால் இருந்ததைக் கவனிக்காமல், ஒரு பெண்ணை நாலு பேர் நடுவில் திருடி என்று சொல்லிவிட்டுக் கீழே வந்து நிம்மதியாக டீ குடித்திருக்கிறார். காது மடல் வரை சூடேறியது. பொய் கிளெய்ம் போடுகிறவர்களைப் பார்த்து அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. அதைத் தனக்கே சொல்லிக்கொண்டார்.

"இன்னொண்ணுமுங்க," என்றாள் பிருந்தா மெதுவாக. "எனக்கே இது தோணுதுன்னா, வருஷக்கணக்கா வண்டோட குடும்பம் நடத்துறவருக்குத் தோணாதுங்களா? அவரு ஏன் ஒரு வார்த்தை சொல்லலீங்க?"

கப்பைக் குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டு பாலமுரளி ஓடினார்.

லிஃப்டிலிருந்து வெளியே வரும்போதே ஷியாமளாவின் குரல் கேட்டது. கதவு சாத்தப்படவில்லை. அவர் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார்.

"...அதான் கனகா, உங்க அம்மா இப்படிப் பண்ணுவான்னு நாங்க நினைக்கலை. விசாரிக்க வந்தவரே கையைப் பார்த்து உறுதியாச் சொல்லிட்டார். நீ நாளைக்கு மதுரை ஏர்போர்ட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போயிடு."

கனகா, பஞ்சவர்ணத்தின் ஒரே மகள். உடன்குடியில் இருக்கிறாள். பாலமுரளியின் தீர்ப்பு அவர் டீ குடித்து முடிப்பதற்குள் கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஹாலில் நிற்கவே அவருக்குக் கூசியது. நேராகச் சமையலறைக்குள் போனார்.

பஞ்சவர்ணம் சூட்கேஸ் மேல் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கப் போனவளைக் கை காட்டி உட்கார வைத்தார்.

"நான் தப்பாச் சொல்லிட்டேன். நீங்க எடுக்கலைன்னு எனக்கு இப்பத் தெரியும். அந்த வண்டை நீங்க உயிரோட எங்க பார்த்தீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

"சொன்னா ஜெயில்ல போட்டுருவாங்களே."

"யார் சொன்னது?"

அவள் ஹால் பக்கம் கண்ணைக் காட்டினாள். பிருந்தா தரையில் சம்மணம் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள். "சொல்லுங்க அக்கா. போடறதுன்னா மொதல்ல எங்க பாஸைப் போடட்டும். இன்னைக்குச் செஞ்ச வேலைக்கு அவருக்கு அது தேவைதானுங்க."

பஞ்சவர்ணம் பிருந்தாவின் பக்கம் குனிந்தாள். பிறகு வார்த்தைகள் தடதடவென்று வந்தன.

"பொங்கலுக்கு லீவுல ஊருக்குப் போயிருந்தேம்லா. வரும்போது பனங்கிழங்கு கொண்டாடின்னு இந்த வீட்டு அம்மாதான் சொல்லிவிட்டாவ. காட்டுல புடுங்குன கிழங்குக் கட்ட அப்படியே மண்ணோட துணியில சுத்திக் கொண்டாந்தேன். இங்க பால்கனியில வச்சுப் பிரிக்கேன், மண்ணுக்குள்ளருந்து இந்தக் கருப்பு வண்டு ஓடி வருது. தட்டிவிடப் போனேன். சுர்ருன்னு அடிச்சிட்டு. வெரலு எரியுது. மொறத்துல வாரி, பக்கத்துல சாரு வாளி கெடந்துச்சு, மணலும் பூச்சியுமா, அதுல தட்டிட்டேன். அதோட இதும் கெடக்கட்டும்னு."

பாலமுரளி கண்களை மூடிக்கொண்டார்.

"சாரு மறுநா வாளியச் சலிச்சிட்டுக் குதிச்சாவ. எதுக்குன்னு எனக்குத் தெரியாது. மூணு நாளக்கி முன்னாடி பெட்டியத் தொடைக்கும்போதுதான் பாத்தேன். ஐயோ, இது எங்கூரு வண்டுல்லா, கிழங்கோட வந்துச்சேன்னு சாருகிட்டயே சொன்னேன். அவுகளுக்கு மொகம் செத்துப் போச்சு. மண்ணோட கிழங்கு கொண்டாந்தது தெரிஞ்சா ஏர்போர்ட்டுல புடிச்சி ஜெயில்ல போடுவான், யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னாவ."

"அந்தக் கிழங்கு என்னங்க ஆச்சு?"

"மஞ்சப்பொடி போட்டு அவிச்சேன். சாரும்தான் தின்னாவ. நல்லாருக்குன்னு இன்னும் ரெண்டு கேட்டாவ."

"பாருங்க பாஸ்," என்றாள் பிருந்தா. "ஆதாரத்தையே அவிச்சுத் தின்னுட்டு உக்காந்திருக்கறாரு." சொன்னவளுக்கே சிரிப்பு வரவில்லை.

பின்னால் ஏதோ விழும் சத்தம். ஷியாமளாவின் கையிலிருந்து ஃபோன் நழுவியிருந்தது. அவர் எவ்வளவு நேரமாக வாசலில் நின்றார் என்று தெரியவில்லை. பனங்கிழங்கு கேட்டவர் அவர்தான். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் கனகாவிடம் பேசியவரும் அவர்தான். முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார்.

ஹாலில் சேதுமாதவன் அதே இடத்தில், அதே கார்ப்பெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் அவர் கேட்டிருக்க வேண்டும். பாலமுரளி பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார்.

"வண்டு எங்கே சார்?"

"தெரியாது."

"தெரியும். குப்பையில போட்டிருக்க மாட்டீங்க. டாய்லெட்ல போட்டு ஃபிளஷ் பண்ணியிருக்க மாட்டீங்க. உங்களால முடியாது. இந்தப் பெட்டிக்கு வெளியே அதை எங்கே வெச்சாலும் உங்களுக்குத் தூக்கம் வராது."

சேதுமாதவனின் கண் பெட்டிப் பக்கம் போய்த் திரும்பியது.

"புள்ளியை நம்பக் கூடாதுன்னு சொன்னீங்க. கழுத்தைப் பார்க்கச் சொன்னீங்க. பிருந்தா, டார்ச்."

பிருந்தா செல்ஃபோன் டார்ச்சை அடித்தாள். பன்னிரண்டு புள்ளி வண்டுகளின் வரிசை மேல் வெளிச்சம் மெதுவாக ஊர்ந்தது. ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. எல்லாம் மொழுமொழு கழுத்து. புள்ளிகள் மங்கல் வெள்ளையாக, ரோமமாக இருந்தன. வரிசையின் கடைசி வண்டின் மேல் வெளிச்சம் நின்றது. அதற்கும் முழுசாகப் பன்னிரண்டு புள்ளி. ஆனால் அதில் சில மட்டும் டார்ச் வெளிச்சத்தில் பளபளத்தன. கழுத்துப் பட்டை பின்பக்கமாக இரண்டு மடலாக நீண்டிருந்தது.

பாலமுரளி கண்ணாடியைத் திறந்து, பளபளத்த ஒரு புள்ளியை நகத்தால் லேசாகச் சுரண்டினார். வெள்ளைத் துணுக்கு ஒன்று பெயர்ந்து வந்தது. ஆபீஸில் எழுத்துப் பிழையை அழிக்கும் வைட்னர். காணாமல் போன வண்டு வீட்டை விட்டே போகவில்லை. அரேபிய வண்டு வேஷம் கட்டிக்கொண்டு பங்காளிகளோடு வரிசையில் நின்றிருந்தது.

"மெதுவா, கால் உடைஞ்சிடும்," என்றார் சேதுமாதவன் தன்னை அறியாமல். அதுவே அவருடைய வாக்குமூலம் ஆகிவிட்டது. கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"பதினேழு வருஷமா மணலைச் சலிக்கறேன் சார். க்ரூப்ல எனக்குப் பேரே காலி வாளி. என் எதிர்லயே அப்படித்தான் கூப்பிடுவாங்க, நானும் சிரிச்சுப்பேன். இந்த வண்டைக் காட்டின அன்னிக்கு முதல் தடவையா எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினாங்க. அஹ்சன் தன் கருத்தரங்குல என் பேரைச் சொல்லிட்டார். அதுக்கப்புறம் இவ வந்து கிழங்கோட வந்துதுங்கறா. வண்டைக் காட்டினா எங்கே, எப்படிக் கிடைச்சுதுன்னு அஹ்சன் துருவுவார். நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவங்ககிட்ட போய்ச் சொல்வேன்?"

"அதனால திருட்டுப் போச்சுன்னீங்க."

"காணோம்னு மட்டும்தான் சொன்னேன். பஞ்சவர்ணம் பேரை நான் சொல்லவே இல்லை."

"இல்லைன்னும் சொல்லலை. ஊருக்கு அனுப்பிடலாம்னு மட்டும் சொன்னீங்க," என்றார் பாலமுரளி. "நான் அவங்களைத் திருடின்னப்போ, அந்தக் கறை எப்படி வந்துதுன்னு இந்த வீட்லயே நல்லாத் தெரிஞ்ச ஆள் நீங்க. கார்ப்பெட்டைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தீங்க. நானும் உத்தமன் இல்லை. யோசிக்காம வாயை விட்டது நான். ஆனா எனக்குத் தெரியாம விட்டேன். நீங்க தெரிஞ்சு உட்கார்ந்திருந்தீங்க."

"ஏங்க," என்றார் ஷியாமளா. "காலி வாளின்னு கூப்பிட்டா என்ன? செத்தா போயிடுவோம்? அவளைத் திருடின்னு ஊருக்கே சொல்ல வெச்சுட்டீங்களே. என் வாயாலேயே சொல்ல வெச்சுட்டீங்களே."

காலிங் பெல் அடித்தது.

யாரும் நகரவில்லை. பெல் இரண்டாவது தடவை அடித்தது. சேதுமாதவன் பெட்டியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். ஒரு விநாடி அவர் கை பெட்டியின் மூடிக்குப் போனது. பளபளக்கும் புள்ளிகளோடு அதை அப்படியே மூடிவிடலாம். காணோம் என்றே சொல்லிவிடலாம். அந்த எண்ணம் அவர் முகத்தில் ஓடியதை அறையில் எல்லோரும் பார்த்தார்கள். எல்லோரும் பார்த்தார்கள் என்று அவருக்கும் தெரிந்தது.

பஞ்சவர்ணம் சமையலறையிலிருந்து வெளியே வந்து நின்றாள். முந்தானைக்குள் கையை மறைக்கவில்லை.

"கதவத் தொறங்க சார்," என்றாள். "எங்கிட்ட ஒண்ணும் சொல்லாண்டாம். வந்திருக்கவருகிட்டச் சொல்லுங்க. நான் இங்கனேயே நிக்கேன்."

சேதுமாதவன் போய்க் கதவைத் திறந்தார். நரைத்த தாடியோடு, கையில் லென்ஸ் பெட்டியோடு, சிரித்த முகமாக வந்த அஹ்சனை உட்காரக்கூடச் சொல்லவில்லை. நின்றபடியே ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். வண்டைப் பற்றி அல்ல, பஞ்சவர்ணத்தைப் பற்றி. இந்த வீட்டில் வேலை செய்யும் இந்தப் பெண்ணைத் திருடி என்று சொன்னார்கள், அவள் திருடவில்லை, வண்டை மறைத்தது நான் என்று தொடங்கி, பனங்கிழங்கில் வந்து முடித்தார். நடுவில் இரண்டு இடத்தில் வார்த்தை சிக்கியது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

அஹ்சனின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. பெட்டியின் மேல் குனிந்து, லென்ஸ் வழியாகக் கடைசி வண்டைப் பார்த்தார். "அருமையான ஆண் வண்டு," என்றார் தாழ்ந்த குரலில். "இடத்தைத் தப்பாக நினைத்துக்கொள்வது இந்தத் துறையில் எல்லோருக்கும் நேர்ந்திருக்கிறது. எனக்கும் நேர்ந்திருக்கிறது. நீங்கள் ஒரு ஃபோன் செய்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம்." அவர் நிமிர்ந்தபோது எதிரே பஞ்சவர்ணத்தின் விரல்கள் தெரிந்தன. லென்ஸை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். பெரிய மனிதர் ஒருவர் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வெளியேறியதை விட, அவர் நாலு திட்டுத் திட்டியிருந்தால் சேதுமாதவன் தாங்கியிருப்பார்.

கதவு மூடியது. ஷியாமளா பஞ்சவர்ணத்தின் கையைப் பிடிக்கப் போனார். அவள் மெல்ல விலகிக்கொண்டாள்.

"இருக்கதா போறதான்னு நான் அப்புறம் சொல்லுதேன்மா. இப்ப ஒண்ணும் கேக்காதிய."

பிறகு நேராக பாலமுரளியிடம் வந்தாள். கையில் அவளுடைய ஃபோன் இருந்தது. ஸ்கிரீனில் கனகா என்று பேர், கீழே வரிசையாக மிஸ்டு கால்கள்.

"எம் மவ அழுதுட்டே கூப்புடுதா. நான் எடுக்கல. நான் சொன்னா, பெத்தவ பின்ன என்ன சொல்லுவான்னு நெனப்பா. விசாரிக்க வந்தவரே சொன்னாருன்னுல்லா அம்மா சொல்லிட்டாவ. அந்த ஆளே சொல்லட்டும்."

"நான் பக்குவமா எடுத்துச் சொல்றேன்," என்றார் பாலமுரளி. மனதுக்குள் வார்த்தைகளை அடுக்கினார். சின்ன குழப்பம், சூழ்நிலை அப்படி, கறையைப் பார்த்ததும் யாருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். கேஸ் முடிந்ததும் எல்லாவற்றையும் அழகாக விளக்குவதில் அவர் கெட்டிக்காரர். பிருந்தாவைப் பார்த்தார். எப்போதும் ஏதாவது ஒன்றைத் தயாராக வைத்திருப்பவள், இப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பக்குவமெல்லாம் வேண்டாம்," என்றாள் பஞ்சவர்ணம். "ஸ்பீக்கர்ல போடுங்க."

அவளே பட்டனை அழுத்தி, அவர் வாய்க்கு நேராக நீட்டினாள். பழுப்பேறிய இரண்டு விரல்கள் ஃபோனைப் பிடித்திருந்தன. முதல் ரிங் முழுசாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள் கனகா.

"எம்மா? எம்மா, என்னம்மா செஞ்ச?"

அடுக்கி வைத்த வார்த்தைகள் ஒன்றுகூட பாலமுரளிக்கு வரவில்லை.

"அம்மா இல்லைம்மா. என் பேர் பாலமுரளி. உங்க அம்மாவைத் திருடின்னு சொன்ன ஆள் நான்தான்."